பெரணி மாதிரி ஏன் பாழாகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை என்று பல மலைகளிலிருந்து மாணவர்களும் ஆர்வலர்களும் கொண்டுவந்த பெரணிக் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதும், அவற்றில் தேறியவற்றைத் தாளில் ஏற்றுவதும் பல ஆண்டுகளாக என் வேலை. திரும்பத் திரும்ப வரும் பழுதுகள் ஏழெட்டுக்கு மேல் இல்லை. அவை, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியத்தின் மேசையில்தான் கண்ணில் படுகின்றன என்றாலும், பெரும்பாலும் காட்டில், பறித்த முதல் ஒரு மணி நேரத்திலோ அன்றைய இரவிலோ நேர்ந்தவை. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிக்கதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே சோதித்துச் செல்வது நல்லது.

1. பிரஸ்ஸில் (செடியை அழுத்தி உலர்த்தும் பலகைச் சட்டத்தில்) வைக்கும் முன்பே இலை சுருண்டுவிடுகிறது

*துணிப்பையிலோ கையிலோ கொண்டுவந்திருந்தால்*

காரணம் அதுதான், வேறெதையும் தேட வேண்டாம். பறித்த செடியைப் பாலித்தீன் பையில் இட்டு, சிறிது நீர் தெளித்து, காற்றோடு வாயைக் கட்டி நிழலில் வைத்தால் பெரும்பாலான பெரணிகள் மாலை வரை வாடாமல் இருக்கும். அதே பையை வெயில் விழும் ஜீப்பின் முன்கண்ணாடி அருகே வைத்தால் உள்ளே இருப்பது வெந்த கீரையாகிவிடும்.

*பையில் வைத்தும் சுருண்டிருந்தால்*

செடி எந்த வகை என்று பாருங்கள். சோலைக்காட்டின் நனைந்த பாறைகளிலும் மரத்தண்டுகளிலும் பாசியோடு ஒட்டி வளரும் ஹைமெனோஃபில்லம் போன்ற சவ்வுப் பெரணிகளின் இலைப்பரப்பு பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. எடுத்த சில நிமிடங்களில் நூலாகச் சுருங்கிவிடும். நல்லவேளையாக, இவற்றைத் தட்டு நீரில் மிதக்கவிட்டால் மீண்டும் விரியும். விரிந்ததும் அடியில் ஒரு தாளைச் செருகி, மீனை வலையில் அள்ளுவதுபோல் மெதுவாகத் தூக்கி, அப்படியே அழுத்த வேண்டும். வறண்ட பாறையிடுக்கில் வளரும் செய்லாந்தஸ், ஆக்டினியாப்டெரிஸ் ஆகியவை கோடையில் செடியிலேயே சுருண்டிருக்கும். அவற்றையும் ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றி வைத்தால் போதும்.

அடியாந்தத்துக்கு இந்தச் சலுகை இல்லை. ஒருமுறை சுருண்டால் அதன் மெல்லிய சிற்றிலைகளை ஒழுங்காக விரிக்க முடியாது என்பதால், பறித்த இடத்திலேயே பழைய நோட்டுப்புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே வைத்துவிட வேண்டும். நான் பையில் எப்போதும் ஒரு பழைய நீளக் கணக்கு நோட்டு வைத்திருப்பது இதற்காகத்தான்.

2. காய்ந்த மாதிரி கறுக்கிறது அல்லது பூஞ்சணம் பிடிக்கிறது

*வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூஞ்சணம் தெரிந்தால்*

தாள் மாற்றவில்லை என்று பொருள். செடியில் உள்ள நீரில் பெரும்பகுதி முதல் நாளில்தான் வெளியேறுகிறது; ஆகையால் முதல் மாற்றத்தை மறுநாள் காலைக்குத் தள்ளாமல் அன்று இரவே செய்துவிட வேண்டும். செடி இருக்கும் செய்தித்தாளை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள ஒற்றுத்தாள்களை மட்டும் மாற்றினால் இலைகள் கலையா. பிறகு நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு நாட்கள் மாற்றினால் சாதாரணப் பெரணி காய்ந்துவிடும். காய்ந்ததா என்று அறிய உதட்டின் மேல் வைத்துப் பாருங்கள்: குளிர்ச்சி தட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

தாளை ஒழுங்காக மாற்றியும் பூஞ்சணம் வந்தால், காற்று போகவில்லை. அட்டைப்பெட்டிகளை அறுத்தெடுத்த நெளி அட்டைகளை ஐந்தாறு மாதிரிகளுக்கு ஒன்றாக, நெளியின் குழாய்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும்படி செருகி, கட்டை நிமிர்த்தி வைத்து ஒரு பக்கமிருந்து மின்விசிறியைச் சுழலவிடுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. இதற்கும் அடங்காத அளவுக்கு மழைக்காலத்தில் தொடர்ந்து சேகரிப்பவர்களுக்கு மட்டுமே சூடான காற்று செல்லும் உலர்த்துப் பெட்டி தேவைப்படும். தச்சரிடம் சொல்லி மரப்பெட்டியில் குண்டுபல்பு வைத்துச் செய்துகொள்பவர்கள் உண்டு. பல்புக்கும் காய்ந்த தாளுக்கும் இடைவெளி விடாமல் கட்டு முழுவதையும் எரித்துவிட்டவர்களும் உண்டு. மின்இணைப்பை மின்பணியாளர் ஒருவரைக் கொண்டே செய்யுங்கள்.

*பூஞ்சணம் இல்லை, ஆனால் எல்லாமே பழுப்பாக இருந்தால்*

அதிக வெப்பம் பட்டிருக்கும். ஏறத்தாழ ஐம்பது டிகிரி செல்சியஸில் உலர்த்தியவை பச்சையைப் பெருமளவு தக்கவைக்கின்றன. அதைவிட நெடுநேரம் அதிகச் சூட்டில் இருந்தவை அப்பளம்போல் நொறுங்கும். அல்லது சாராயத்தில் ஊறியிருக்கும். விடாத மழையில் உலர்த்த வழியில்லாதபோது, செய்தித்தாளில் மடித்த மாதிரிக் கட்டை எழுபது விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்துப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி வைத்து, ஊர் திரும்பியதும் உலர்த்துவது பழைய வழக்கம். நிறம் போவது அதற்குத் தரும் விலை; மாதிரி கெடவில்லை. ஆனால் குறிப்பேட்டில் "ஆல்கஹாலில் வைக்கப்பட்டது" என்று எழுதவில்லையென்றால், பின்னால் வருபவர் அந்தப் பழுப்பைச் செடியின் இயல்பாக எண்ணிவிடுவார். டி.என்.ஏ. ஆய்வுக்கு ஒரு துண்டு தேவையென்றால், நனைக்கும் முன்பே சிறு இலைத்துண்டைச் சிலிக்கா ஜெல்லில் தனியாக இட்டுவிட வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. இலையின் அடியில் வெண்மாவு பூசியதுபோல் இருக்கும் வெள்ளிப் பெரணிகளை, அதாவது பிட்டிரோகிராமாவையும் மாவுப்பூச்சுள்ள செய்லாந்தஸையும், ஒருபோதும் ஆல்கஹாலில் நனைக்கக் கூடாது. மலையூர்ப் பிள்ளைகள் புறங்கையில் அழுத்தி வெள்ளை அச்சு எடுத்து விளையாடும் அந்த மாவு ஆல்கஹாலில் கரைந்துவிடும். செடியை அடையாளம் காட்டும் முதல் குறியே அதோடு போய்விடும்.

*ஓரங்கள் மட்டும் சுருங்கியிருந்தால்*

தடித்த மட்டநிலத்தண்டு, அதாவது வேர்விடும் அடித்தண்டு, பிரஸ்ஸின் பலகைகளை விலக்கிப் பிடித்திருக்கிறது. தண்டைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மடித்த செய்தித்தாளாலோ மெல்லிய ஃபோம் துண்டாலோ நிரப்பி மட்டமாக்குங்கள். தண்டு விரலைவிடத் தடித்திருந்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வைக்கலாம்.

3. சிற்றிலைகள் உதிர்ந்து கொட்டுகின்றன

இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நெஃப்ரோலெபிஸ், ட்ரைனேரியா போன்றவற்றில் சிற்றிலைகள் நடுக்காம்போடு மூட்டுப்போல் இணைந்திருப்பதால் காயும்போது கழன்றுவிடுவது அவற்றின் இயல்பு. உதிர்ந்தவற்றை ஒரு காகித உறையில் இட்டு, குறிப்பேட்டில் அந்த மாதிரிக்கு இட்ட சேகரிப்பு எண்ணை அதன்மேல் எழுதி, அதே தாளில் ஒட்டிவிட்டால் மாதிரி முழுமையானதே. மற்ற பெரணிகளில் இது நடந்தால், காய்ந்த பிறகு கையாண்ட விதத்தில்தான் தவறு: காய்ந்த மாதிரியைத் தாளோடு தூக்க வேண்டும், காம்பைப் பிடித்தன்று.

பிர்ரோசியா போன்ற சதைப்பற்றுள்ள பெரணிகள் பிரஸ்ஸுக்குள்ளும் நாட்கணக்கில் உயிரோடு இருந்து, பிறகு அழுகத் தொடங்கும். கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்துத் துடைத்துவிட்டு அழுத்தினால் இது நேராது.

4. எவ்வளவு பார்த்தும் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை

என்னிடம் வரும் கேள்விகளில் மிகுதியும் இதுதான். கைபேசியில் எடுத்த அழகான மேற்புறப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு "இது என்ன பெரணி?" என்று கேட்பார்கள். பெரணியின் முகவரி இலையின் முதுகிலும் காம்பின் அடியிலும் எழுதப்பட்டிருக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

*இலையின் அடியில் சோரஸ்கள் இல்லாவிட்டால்*

சோரஸ் என்பது ஸ்போர் எனும் வித்துத்தூள் உண்டாகும் திட்டு; அது இல்லாத மலட்டு இலையைப் பறித்திருக்கிறீர்கள். முதலில் கட்டில் உள்ள மற்ற இலைகளைத் திருப்பிப் பாருங்கள். ஒரே செடியில் வளமான இலை பக்கத்திலேயே இருந்திருக்கலாம். ஆஸ்மண்டா, போல்பைட்டிஸ், எலாஃபோகிளாசம் ஆகியவற்றில் ஸ்போர் தாங்கும் இலையோ இலைப்பகுதியோ மலட்டிலையிலிருந்து வேறு உருவில், குறுகலாக இருக்கும்; வாடிப்போன இலை என்று நினைத்து விட்டுவிட்டு வருபவர்கள் பலர். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்று கிழங்காக விற்கப்படும் ட்ரைனேரியாவிலும் இரண்டு வகை இலைகள் உண்டு: அடியில் மரத்தோடு ஒட்டியிருக்கும் கூடுபோன்ற பழுப்புநிற இலை ஒன்று, நீண்ட பச்சை இலை மற்றொன்று. இரண்டும் தாளில் இருக்க வேண்டும். செடியிலேயே சோரஸ் இல்லையென்றால் பருவம் தவறியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் அதே இடத்துக்கு மீண்டும் செல்வதைத் தவிர வழியில்லை. ஆரைக்கீரையான மார்சீலியாவில் நிலைமை தலைகீழ்: குளம் நிறைந்திருக்கும்போது இலைதான் இருக்கும், நீர் வற்றிச் சேறாகும் காலத்தில்தான் காம்படியில் மிளகுபோன்ற ஸ்போர்க்காய்கள் கிடைக்கும்.

*சோரஸ் இருக்கிறது, ஆனால் அதை மூடும் சவ்வு இல்லாவிட்டால்*

அந்தச் சவ்வான இண்டூசியத்தின் வடிவம்தான் பல பேரினங்களைப் பிரிக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால், டிரையாப்டெரிஸில் சிறுநீரக வடிவிலும், பாலிஸ்டிக்கத்தில் நடுவில் காம்பூன்றிய குடைபோலும், ஆஸ்பிளீனியத்தில் நரம்போரம் நீண்ட கோடாகவும், அத்தீரியத்தில் பெரும்பாலும் கொக்கிபோல் வளைந்தும் இருக்கும். முதிர்ந்து ஸ்போர்கள் சிதறிய இலையில் இந்தச் சவ்வு சுருங்கியோ விழுந்தோ போயிருக்கும். ஆகவே முற்றிய இலை ஒன்றும், சோரஸ் இன்னும் இளம்பச்சையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும் இலை ஒன்றும் சேர்த்து எடுக்க வேண்டும். முற்றிய இலை மட்டும் கையில் இருந்தால் அதன் நுனிப்பகுதியைத் தேடுங்கள். கடைசியாக முதிரும் சில சோரஸ்கள் அங்கே தப்பியிருக்கும். பாலிபோடியம் குடும்பத்துப் பெரணிகளில் இண்டூசியம் இயல்பாகவே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

*சோரஸ் எல்லாம் சரி, ஆனால் தாளில் மேற்புறம் மட்டும் தெரிந்தால்*

ஒட்டும்போது நேர்ந்த தவறு. பிரஸ்ஸில் வைக்கும்போதே ஓர் இலையையோ சில சிற்றிலைகளையோ திருப்பிவிட வேண்டும். ஒட்டியபின் தெரியவந்தால் பிய்த்தெடுக்க முயலாமல், ஒரு சிற்றிலையை மட்டும் நறுக்கி உறையில் இட்டு ஒட்டுங்கள்.

*காம்பின் அடி இல்லாவிட்டால்*

இலையைக் கத்தரியால் பாதிக் காம்பில் வெட்டியிருக்கிறார்கள். டிரையாப்டெரிஸிலும் மரப்பெரணியான சயாத்தியாவிலும் காம்படிச் செதில்களின் நிறமும் ஓரமும் இல்லாமல் இனத்தை உறுதியாகச் சொல்ல இயலாது. தோண்டும்போது மண்ணை நீரில் அலசித் தேய்ப்பதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. மண் காய்ந்தபின் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் செதில்கள் தப்பும். அதற்காக ஒவ்வொரு செடியையும் வேரோடு பிடுங்க வேண்டும் என்று பொருளல்ல. அந்த இடத்தில் நாலைந்து செடிகளே இருந்தால், ஒரே ஓர் இலையைக் காம்படியோடு பக்குவமாகக் கழற்றி, மட்டநிலத்தண்டு படர்ந்ததா நிமிர்ந்ததா என்பதைக் குறிப்பிலும் படத்திலும் பதிந்துகொண்டு, செடியை விட்டுவிட வேண்டும்.

*எல்லாம் இருந்தும், பண்புகளைப் பார்த்துப் படிப்படியாக இனத்தைச் சுட்டும் திறவுகோலில் முரண்பட்டால்*

ஒரே எண்ணில் இரண்டு இனங்கள் கலந்திருக்கலாம். பாசித்திட்டோடு பெயர்த்தெடுத்த சிறு பெரணிகளில் இது அடிக்கடி நேரும். ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே பிரித்து, செதிலையும் சோரஸையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். கலந்திருந்தால் ஒன்றுக்குப் பழைய எண்ணையே விட்டு, மற்றதற்கு அதே எண்ணுடன் "அ" சேர்த்து, குறிப்பேட்டிலும் அதை எழுதுங்கள். ஸ்போர்கள் உருக்குலைந்து வெறுமையாகத் தெரிந்தால் கலப்பினமாக இருக்கலாம்.

இதற்கு மேல் நீங்களே முட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதே சேகரிப்பின் கூடுதல் மாதிரியான இரட்டைப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மதராஸ் ஹெர்பேரியத்துக்கோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கோ, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரிக்கோ முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

5. மாதிரி தாளைவிடப் பெரிதாக இருக்கிறது

ஹெர்பேரியத் தாள் 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் கொண்டது. தாளைவிடச் சற்றே நீண்ட இலையை V, N, W என்ற எழுத்துகளின் வடிவில் மடித்தால் தீர்ந்தது. மடிப்பு விலகாமலிருக்க, கீறிய காகிதத்துண்டு ஒன்றை மடிப்பின் மூலையில் மாட்டிவிடலாம்.

சயாத்தியா, ஆஞ்சியோப்டெரிஸ் போன்றவற்றில் ஓர் இலையே ஆள் உயரத்தைத் தாண்டும். அங்கே மடிப்பு உதவாது, தேர்ந்து வெட்ட வேண்டும்: செதில்களோடு காம்படி ஒரு துண்டு, இலையின் நடுவிலிருந்து ஒரு முழுச் சிறகு (இலையின் பக்கக்கிளை) நடுக்காம்பின் துண்டோடு, இலைநுனி, சோரஸ் உள்ள பகுதி. ஒவ்வொன்றிலும் ஒரே சேகரிப்பு எண்ணோடு "நான்கில் ஒன்று", "நான்கில் இரண்டு" என்று சீட்டுக் கட்டுங்கள். வெட்டும் முன் இலையின் முழு நீளம், காம்பின் நீளம், சிறகு இணைகளின் எண்ணிக்கை, மரப்பெரணியானால் அடிமரத்தின் உயரம் ஆகியவற்றை அளந்து எழுதிவிடுங்கள், ஏனெனில் வெட்டியபின் அந்த அளவுகளை எந்த நிபுணராலும் மீட்டுத்தர முடியாது. சயாத்தியா இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டு நிறுவனத்துக்கு இரட்டைப்படி அனுப்பும் வேலையை ஹெர்பேரியப் பொறுப்பாளரிடமே விட்டுவிட வேண்டும். நீங்களே அஞ்சலில் போடக் கூடாது.

6. குறிப்பேடும் மாதிரியும் ஒத்துப்போகவில்லை

*ஒரே எண் இரண்டு மாதிரிகளில் இருந்தால்*

ஒவ்வொரு பயணத்துக்கும் 1 என்று தொடங்கியிருப்பீர்கள். சேகரிப்பவரின் எண்வரிசை வாழ்நாள் முழுவதும் ஒன்றே. பயணமோ ஆண்டோ மாறினாலும் அது தொடர்ந்து ஏறிக்கொண்டே போக வேண்டும். பழையவற்றைப் படங்களின் தேதியோடு ஒப்பிட்டுப் பிரித்து, தாளில் உள்ள எண்ணை அழிக்காமல் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

*எழுத்து கரைந்திருந்தால்*

களத்தில் பென்சிலைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

*வரைபடத்தில் புள்ளி வேறெங்கோ விழுந்தால்*

கடலில் விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. பக்கத்துப் பள்ளத்தாக்கில் விழுந்தால், பாகை-நிமிடத்தைத் தசமமாக எழுதியிருக்கக்கூடும்: 10 பாகை 14 நிமிடம் என்பது 10.23, அதை 10.14 என்று எழுதினால் புள்ளி ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தெற்கே போய்விடும், கொடைக்கானலில் எடுத்த சோலைப் பெரணி வேறொரு மலைச்சரிவில் முளைக்கும். இரண்டும் இல்லையென்றால், அடர்ந்த சோலைக்குள் கைபேசி பழைய இடத்தையே காட்டியிருக்கும். வெளிச்சமான திறப்புக்கு வந்து சில நிமிடம் காத்திருந்து மீண்டும் எடுக்க வேண்டும். எண் எப்படியிருந்தாலும், அருகிலுள்ள ஊர், ஓடை, சாலையிலிருந்து தூரம் ஆகியவற்றைச் சொற்களிலும் எழுதுங்கள். எண் தவறினாலும் சொல் காப்பாற்றும்.

உயரத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த தொட்டபெட்டா 2,637 மீட்டர். "உயரம் 7,000 மீ." என்று எழுதிய தாளை நான் பார்த்திருக்கிறேன், அது அடிக்கணக்கு. தேதியில் மாதத்தை ரோம எண்ணில் எழுதும் பழைய ஹெர்பேரிய வழக்கத்தைப் பின்பற்றினால், 5.11 நவம்பரா மே மாதமா என்ற குழப்பமும் எழாது.

*ஹெர்பேரியம் மாதிரியை ஏற்க மறுத்தால்*

இடம், தேதி, சேகரித்தவர், எண் ஆகிய நான்கில் ஒன்று விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவை சரியென்றால் அனுமதிதான் கேள்வி. காப்புக்காட்டில் வனத்துறையின் எழுத்துமூல அனுமதியின்றி ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது. சரணாலயத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பின்தேதியிட்டு அனுமதி வாங்க வழியில்லை; அப்படிப்பட்ட மாதிரியைக் கொண்டுவராதீர்கள்.

7. தாளிலிருந்து மாதிரி பெயர்கிறது

மெல்லிய இலைக்கு வெள்ளைப் பசை போதும். தடித்த காம்புக்கும் தண்டுக்கும் ஊசிநூலால் தையல் போட வேண்டும். செலோடேப்பைப் பயன்படுத்தவே கூடாது. சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி உரிந்து, இலையின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும்.

8. தாளில் துளையும் தூளும் தெரிகின்றன

*நகரும் பூச்சி தெரிந்தால்*

ஒன்றிரண்டு தாளில் மட்டும் இருந்தால் அவற்றை உடனே பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி வரை குளிரும் ஃப்ரீசரில் குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பை அறைவெப்பத்துக்கு வரும் வரை திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் பூத்து, பூச்சி போன இடத்தில் பூஞ்சணம் வரும். புதிதாக வரும் எல்லாக் கட்டுகளையும் அலமாரியில் சேர்க்கும் முன் இப்படிச் செய்வது வழக்கமானால் இந்த அறிகுறியே அரிதாகிவிடும். அந்துருண்டை பூச்சியை வரவிடாமல் தடுக்குமே தவிர, இலைக்குள் குடியேறிய வண்டின் புழுவைக் கொல்லாது.

*பல அடுக்குகளில் தூள் இருந்தால்*

சிகரெட் வண்டு பரவிவிட்டது. அலமாரியை மூடி முத்திரையிட்டுவிட்டு, புகையூட்ட உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளரை அழைக்க வேண்டும். வீட்டுப் பூச்சிமருந்தைத் தாள்களின்மேல் தெளிக்கக் கூடாது.

*பழைய தாளில் சாம்பல்நிறக் கறை இருந்தால்*

தூரிகையைக் கீழே வையுங்கள். முன்பு நம் ஹெர்பேரியங்களில் மாதிரிகளை மெர்குரிக் குளோரைடு கரைசலில் முக்கி நஞ்சூட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்தப் பாதரசம் இன்னும் தாளில் இருக்கலாம். அதைத் துடைக்கவோ சூடேற்றவோ ஊதவோ கூடாது. கையுறையோடு தனி உறையில் இட்டு, "நஞ்சூட்டப்பட்டது" என்று மேலே எழுதி, காற்றோட்டமான அறையில் வைத்துவிட்டு ஹெர்பேரியப் பொறுப்பாளருக்குத் தெரிவியுங்கள்.